கூலி என்னும் சொல்: கடல் கடந்தவர்களின் எழுத்தும் நாமும்

(வெண்மணி ஈகியர் நினைவுப் பேருரை)



வெண்மணி ஈகியரை நினைத்துக் கூடும்போதெல்லாம் நாம் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், சாதியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், நீதிமன்றத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த முறை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறோம். அந்தச் சொல் கூலி.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் உயிர் பிழைக்க ஒண்டிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தச் சேரி மக்கள் கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்று என்றார்கள் மிராசுதார்கள். முடியாது என்றார்கள் நம் மக்கள். அரைப்படிக்கும் ஒரு கொடிக்கும் கொடுத்த விலை 44 உயிர். ஆகவே வெண்மணியைப் பற்றிய எந்தப் பேச்சும் கூலியைப் பற்றிய பேச்சுதான்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தக் காரைக்காலின் கடலோரத்திலிருந்து அது கப்பலேறிப் போயிற்று. போன இடத்தில் வசவாக மாறிற்று. வசவைச் சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைத் திருப்பி எடுத்துக் கவிதையாக்கினார்கள், வழக்காக்கினார்கள், கதையாக்கினார்கள். அந்தக் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் நமக்குப் பாடம் உண்டு, அதனோடு நமக்குச் சண்டையும் உண்டு. இரண்டையும் இன்று பேசுவோம்.

சொல் கப்பலேறிய கதை

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். முயற்சியின் பலனைச் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல்லும் இதுதான். அதில் இழிவு எதுவும் இல்லை. ஐரோப்பிய மொழிகளில் ஏறிய கூலி நம் கூலியிலிருந்தே வந்தது என்று பலர் சொல்கிறார்கள்; குஜராத்தின் கோலி சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும் ஒன்று உறுதி. நம்மிடம் வேலைக்கான ஊதியத்தைக் குறித்த சொல், அங்கே வேலை செய்கிற மனிதனைக் குறித்தது. ஊதியம் மறைந்து ஆள் மட்டும் மிஞ்சினான். அந்த ஆளும் கறுத்த, அழுக்கான, விலை மலிந்த ஆள்.

எப்படி இது நடந்தது? காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் தஞ்சாவூர், நடுவில் ஒரு பிரெஞ்சுத் துண்டு நிலம். 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியக் கடலின் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலும், இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவிலும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் பழைய எஜமானனிடம் பழைய வேலைக்குப் போக மறுத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் தேடப்பட்டார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு குவாதலூப் தீவை அடைந்தது. அந்தத் தீவின் முதல் கூலிக் கப்பல் அது. பின்னர் 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால், பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த மக்களையும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஏற்றிச் செல்ல வழி திறந்தது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையிலிருந்து ஓடிவந்த ஒருவருக்கு எல்லை என்பது ஒரு வாய்க்கால், ஒரு வரப்பு. அதைத் தாண்டினால் பிரெஞ்சு மண். அங்கே ஆள்பிடிக்கும் கங்காணி காத்திருந்தான்.

1880களில் இந்தப் போக்குவரத்து நிற்பதற்குள், குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பகுதியினர் தமிழ் பேசியவர்கள். அவர்களில் பண்ணையாள் சாதியினர் இருந்தார்கள், கைத்தொழில் சாதியினர் இருந்தார்கள், பஞ்சத்தில் நிலத்தை இழந்த சிறு குடியானவர்களும் இருந்தார்கள்.

இங்கே ஒரு விவரத்தை நாம் நின்று கவனிக்க வேண்டும். 1861 உடன்படிக்கை ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொன்னது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொன்னது. தோட்டத்தில் இது மதிக்கப்படவில்லை. அடி, பட்டினி, ஊதியப் பிடித்தம், நோய், சாவு என்று நீண்ட முறையீடுகளால்தான் 1882இல் ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. ஆனாலும் காகிதத்தில் ஒரு மணிக்கணக்கு இருந்தது. இந்தப் பக்கம் என்ன இருந்தது? கோழி கூவும்போது வயலில் இறங்கி, இருட்டியபின் கரையேறிய தஞ்சைப் பண்ணையாளுக்குக் கூலியையும் வேலையையும் பற்றிச் சட்டத்தில் நாலு வரி எழுதப்பட்டது 1952இல், தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது. அப்போது காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. அந்தச் சட்டமும் இந்த எல்லைக்குள் வரவில்லை.

மீறப்பட்ட ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஏமாற்றப்பட்டவன் கையில் காகிதம் இருந்தால், அவன் பிள்ளையாவது அதைக் காட்டிக் கேட்கலாம். கடல் கடந்தவர்களின் எழுத்து இந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் எழுத்து: மனு

கப்பலில் போன முதல் தலைமுறை தன் கையால் எழுதிய நூல்களை விட்டுச் செல்லவில்லை. கப்பல் பதிவேட்டில் எண்ணாகவும், தகப்பன் பெயராகவும், உடல் அடையாளமாகவும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊமைகளாகப் போகவில்லை. மாரியம்மன் அவர்களோடு கப்பலேறினாள். குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கிரியோல் மொழியில் அவள் மாலியெமென் ஆனாள். கூத்து போயிற்று, குவாதலூப்பில் நாடகம் என்ற சொல் நாத்ரோன் என்று தேய்ந்து இன்றும் கிடக்கிறது. பொருள் மறந்துபோன பிறகும் பாட்டை விடாமல் பாடினார்கள். படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குப் பாட்டுதான் ஆவணக் காப்பகம். இது நம் சேரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் தலைமுறையில் ஒருவர் எழுந்தார். என்றி சிதம்பரம். 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்ற ஊரில் ஒப்பந்தத் தொழிலாளர் பெற்றோருக்குப் பிறந்தவர். தீவிலேயே பிறந்து வளர்ந்த இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர் 1904இல் போராட்டத்தைத் தொடங்கினார். ஆளுநர் எதிர்த்தார். இவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர், பிரிட்டிஷ் குடிமக்களின் பிள்ளைகள் என்பது அரசின் வாதம். வேலை வாங்கும்போது இந்தக் கேள்வி வரவில்லை. வாக்குக் கேட்கும்போது வந்தது. வழக்கு நடந்தது, இழுத்தது. 1923இல்தான் அந்த மக்களின் குடியுரிமையும் வாக்குரிமையும் ஏற்கப்பட்டன. பத்தொன்பது ஆண்டு. சிதம்பரம் இந்த வழக்கின் ஆவணங்களையும் வாதங்களையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். அது கவிதை நூல் இல்லை, நாவலும் இல்லை. ஆனால் எண்ணாகப் பதியப்பட்ட மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே, ஆண்டவனின் மொழியில், ஆண்டவனின் சட்டத்தை வைத்து வாதாடிய எழுத்து அது. அந்தத் தீவின் இந்திய வம்சாவளி இலக்கியத்துக்கு நாம் அதையே தொடக்கமாகக் கொள்கிறோம்.

இதே பிரெஞ்சுப் பேரரசில், இதே காலத்தில், இங்கே என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒருவர் தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். ரெனோன்சான் என்று அவர்களைச் சொன்னார்கள், துறந்தவர்கள் என்று பொருள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் இந்த வழியை அதிகம் எடுத்தார்கள். துறக்கும்போது புதிதாக ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும். சேரிப் பெயரை வைத்துக் கூப்பிட்ட ஊரில் ஒருவர் தனக்கு ஒரு குடும்பப் பெயரைத் தானே தேர்ந்தார் என்றால் அது சின்ன விஷயமா? காரைக்காலில் சொல்தா வீடுகளையும் பென்ஷன் வீடுகளையும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் சாதியைத் துறக்கக் கையெழுத்துப் போட்ட மனிதர்களும் இருந்தார்கள் என்பதைப் பேசுவதில்லை. அங்கே சிதம்பரம், இங்கே ரெனோன்சான். இரண்டும் ஒரே கேள்வி: அரசின் ஏட்டில் நான் யார்?

இரண்டாம் எழுத்து: பெயர்

உரிமை கிடைத்தாலும் வசவு போகவில்லை. கரீபியத் தீவுகளில் கூலி என்பது திட்டுகிற சொல்லாகவே நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் கைவைத்தார்கள்.

கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973இல், தன்னைக் கூலி என்று தானே அறிவித்து ஒரு கட்டுரை எழுதினார். தலைமுறைகளின் வியர்வைக்குச் சொந்தமான சொல்லை ஏன் வெட்கத்தோடு கைவிட வேண்டும் என்பது அவர் கேள்வி. குவாதலூப்பின் எர்னெஸ்ட் முத்துசாமி 1979இல் நாவல் எழுதினார், கவிதை எழுதினார். 1981 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலும் இருந்தார். ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த ஒருவர், வாக்குரிமைக்காக சிதம்பரம் பத்தொன்பது ஆண்டு அலைந்த அதே குடியரசின் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். மொரீசியசில் பிறந்த கல் தொராபுலி 1992இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் கூலித்யூத் என்ற சொல்லை வைத்தார். தமிழில் கூலித்துவம் என்று சொல்லிக்கொள்ளலாம். எமே செசேர் போன்ற கறுப்பினக் கவிஞர்கள் 1930களில் நீக்ரோ என்ற வசவை எடுத்து நெக்ரித்யூத் என்று ஓர் இயக்கத்துக்குப் பெயராக்கினார்கள் அல்லவா, அதன் தம்பி இது. செசேர் மார்த்தினிக் தீவுக்காரர். காரைக்காலிலிருந்து போனவர்கள் கரும்பு வெட்டிய அதே தீவு.

1992ஐ நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே ஆண்டில்தான் தமிழில் பாமாவின் கருக்கு வந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் கப்பலின் அடித்தட்டைப் பற்றி எழுதினார், ஒருவர் சேரித் தெருவைப் பற்றி எழுதினார். இரண்டு பேரும் இழிவாகச் சுமத்தப்பட்ட இடத்திலிருந்தே பேசத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் இதையே சிகானோ என்ற சொல்லோடு செய்தார்கள். அதுவும் ஏழை மெக்சிகோக்காரனை மட்டம் தட்டும் சொல்லாக இருந்தது. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். முதலில் வெளியே வந்தவர்கள் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். ஒரு வாரத்தில் மெக்சிகோத் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். கோரிக்கை என்ன? கூலி உயர்வு, சங்க உரிமை. வெண்மணிக்கு மூன்று ஆண்டுகள் முந்தி, உலகத்தின் மறுமூலையில், அதே இரண்டு கோரிக்கைகள். அந்த ஊரிலேயே தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் வால்டெஸ் அங்கே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். லாரியின் பின்தட்டுதான் மேடை. தொழிலாளர்களே நடிகர்கள். வேஷம் கட்டக் காசில்லை, கழுத்தில் ஓர் அட்டை: முதலாளி, வேலைநிறுத்தக்காரர், கருங்காலி. வயலோரத்தில் நடந்த அந்தச் சின்ன நாடகங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் சங்கத்துக்கு வந்தார்கள். நம் பக்கத்தில் பறையையும் பாட்டையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே. ஏ. குணசேகரன் செய்த வேலையோடு இதை வைத்துப் பாருங்கள். சொந்தம் தெரியும்.

அந்த இயக்கத்திலிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். பயிருக்குப் பயிர் ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையான தோமாஸ் ரிவேரா, பெயரே சொல்லப்படாத ஒரு சிறுவனை வைத்து 1971இல் நாவல் எழுதினார். டெக்சஸ் எல்லையில் வளர்ந்த குளோரியா அன்சால்துவா 1987இல் எல்லைப்புறம் பற்றிய தன் நூலில், ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த வீட்டு மொழியை அப்படியே எழுதினார். இதைத் திருத்தமில்லாத மொழி என்று சொன்னவர்களுக்கு அவர் அடங்கவில்லை. சேரித் தமிழைக் கொச்சை என்றவர்களுக்கு நம் எழுத்தாளர்கள் அடங்காததைப் போல.

தலித், கூலி, சிகானோ. மூன்று சொற்களும் ஒரே வேலையைச் செய்தன. அடுத்தவன் வைத்த பெயரில் இழிவு இருந்தது. நாமே எடுத்துக்கொண்டபோது வரலாறு இருந்தது. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டால் கூலி உயராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெலானோவில் ஐந்தாண்டு வேலைநிறுத்தம்தான் 1970இல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. நாடகம் ஆட்களைக் கூட்டியது, சோர்ந்தவர்களை நிறுத்திவைத்தது. சங்கம் இல்லாத பாட்டு காற்றோடு போகும். பாட்டு இல்லாத சங்கம் ரசீதுப் புத்தகமாகச் சுருங்கும்.

பக்கத்துத் தீவு

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். இலங்கை மலையகம் நமக்கு எட்டும் தூரம். தஞ்சாவூரில் பிறந்து இலங்கைக்குப் போன கோ. நடேசய்யர் அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார், சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள், மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அரசியல் பாட்டுக் கட்டித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் அந்தப் பாடல்கள் சிறு நூலாக வந்தன. துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைய முடியாத லயங்களுக்குள் பேச்சாளர் நுழைய முடியாது, மெட்டு நுழையும். அவர்கள் பிறந்த சாதி நமக்குத் தெரியும். செய்த வேலையும் தெரியும். இரண்டையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவர்களுக்கு நாடு இல்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை 1954இல் வந்தது. தமிழில் நாவல்கள் எழுதினார். ஒன்றின் பெயரே வீடற்றவன். அவர் செய்த இன்னொரு வேலையை நாம் அதைவிட மதிக்கிறோம்: தோட்டத்து மக்களின் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். கொழுந்து பறிக்கும் பெண், கங்காணியைத் திட்டிப் பாடிய பாட்டு அரசின் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் கையேட்டில் இருந்தது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். 1974இல் அந்த மிச்சமும் பாதி பாதியாகப் பிரிந்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். ஊர் வைத்த பெயர் சிலோன்காரன். தாத்தா காலத்தில் கூலியாகப் போனவர்கள், பேரன் காலத்தில் அந்நியராகத் திரும்பினார்கள்.

நம் சண்டை

இதுவரை பாராட்டிப் பேசினோம். இனிச் சண்டை.

கடல் கடந்தவர்களின் எழுத்தில் இனம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது, மொழி இழந்த துயரம் இருக்கிறது. சாதி பெரும்பாலும் இல்லை. கூலித்துவம் பேசும் கவிதைகள் கப்பலில் எல்லாரும் ஒன்றாகக் கலந்ததைக் கொண்டாடுகின்றன. கப்பலில் கலந்தது உண்மைதான். ஒரே பானைச் சோறு, ஒரே தட்டில் படுக்கை. சாதி கெட்டுவிடும் என்று பயந்தவர்களுக்கு அது கறுப்புத் தண்ணீர். சேரியிலிருந்து ஏறியவருக்கு இழக்க என்ன சாதி இருந்தது? அவருக்குக் கடல் தீட்டாகவா இருந்திருக்கும், தப்பிக்கும் வழியாகவா? இந்தக் கேள்வியை அந்த இலக்கியம் போதுமான அளவு கேட்கவில்லை. மலையக எழுத்திலும் நெடுங்காலம் தோட்டத் தொழிலாளர் என்ற ஒரே பெயருக்குள் சாதி மூடிவைக்கப்பட்டது. லயத்தில் யார் எந்தக் காம்பராவில், யார் கங்காணி, யார் குப்பை அள்ளினார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூடியைத் திறந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தின் கே. டானியல் 1972இல் பஞ்சமர் நாவலில் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் நடந்த போராட்டத்தை எழுதினார். தமிழ் மண்ணில் சிகிச்சைக்கு வந்த அவர் 1986இல் தஞ்சாவூரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் டெல்டா அவருக்குக் கடைசி இடம் கொடுத்திருக்கிறது. பாரிசில் அகதியாகப் போய்ச் சேர்ந்த ஷோபாசக்தி 2001இல் கொரில்லா எழுதினார். அகதி விண்ணப்பத்தின் மொழியையே எடுத்துக் கதை செய்த நாவல் அது. அதிகாரி நம்பும்படி தன் துன்பத்தை எழுதிக் காட்ட வேண்டிய மனிதனின் கதை. சிதம்பரம் தொடங்கிய மனு எழுத்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். புலம்பெயர்ந்த தமிழ்ச் சமூகத்தின் சாதியையும் அவர் விடாமல் எழுதுகிறார். நம் காரைக்கால் குடும்பங்கள் வசிக்கும் அதே பாரிஸ் புறநகர்களில்தான் அந்தச் சாதியும் வசிக்கிறது. மஞ்சள் நீராட்டு மண்டபத்திலும் மணமகள் தேவை விளம்பரத்திலும் அதன் முகவரி கிடைக்கும்.

அமெரிக்காவிலும் இன்று இதுதான் பேச்சு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சட்டமன்றம் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். திராட்சைத் தோட்டப் போராட்டம் நடந்த அதே மாநிலத்தில், தலித் குடியேறிகள் பொது விசாரணைகளில் எழுந்து நின்று தங்கள் கதையைச் சொன்னார்கள். பல பேர் அதுவரை சொந்தச் சாதியை மறைத்து வாழ்ந்தவர்கள். கதை சொல்வது அங்கே கலை நிகழ்ச்சி இல்லை, வேலை போகலாம் என்று தெரிந்தும் எடுத்த முடிவு. மசோதா தோற்றது. சொன்ன கதைகளை யாரும் திரும்ப வாங்க முடியாது.

நம்பமுடியாததைப் பதிவு செய்தல்

மறுபடி வெண்மணிக்கு வருவோம். உயர் நீதிமன்றம் குற்றவாளிகளை விடுதலை செய்தது. செல்வாக்குள்ள நிலவுடைமையாளர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பின் போக்கு. இந்த நம்பமுடியாமை என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். மேல்சாதிக்காரர் செய்தார் என்பது நம்ப முடியாதது. சேரிக்காரர் சொன்னார் என்பது நம்பத் தகாதது. இரண்டும் ஒரே நாணயம்.

வெண்மணியை வைத்து நாவல்களும் வந்தன. 1975இல் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் வந்தது. கூலிப் போராட்டத்தை ஒரு மிராசுதாரின் உடல் குறைபாட்டுக் கதையாகச் சுருக்கிவிட்டது என்ற விமர்சனமும் கூடவே வந்தது. சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் 1999இல் டெல்டாவின் வயல்மொழியில் அதைத் திரும்ப எழுதியது. மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதினார். இனியும் எழுதப்படும். ஒரு தீர்ப்புக்கு மேல்முறையீடு முடிந்த பிறகும் எழுத்துக்கு மேல்முறையீடு முடிவதில்லை. சமூகநீதிக்காக எழுதுவது என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் இதுதான்: கூலியை வாங்கித் தருவது சங்கத்தின் வேலை, தண்டனை வாங்கித் தருவது நீதிமன்றத்தின் வேலை. அவர்கள் நம்ப மறுத்ததை, நம்புகிற ஒருவர் வரும்வரை அழியாமல் வைத்திருப்பது எழுத்தின் வேலை. குவாதலூப்பின் சிதம்பரம் பத்தொன்பது ஆண்டு வைத்திருந்தார்.

இந்த வேலை நமக்கு இங்கேயே கிடக்கிறது. காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி. இந்த ஊர்களின் சேரிகளிலிருந்து இன்றும் ஆட்கள் போகிறார்கள். துபாய், குவைத், கத்தார், சிங்கப்பூர். ஏஜெண்ட்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்குகிறார்கள். போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளிகள் உண்டு. சொன்ன சம்பளம் ஒன்று, கொடுக்கிற சம்பளம் ஒன்று. 1861இன் ஒப்பந்தம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இவர்களுடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால் போதும். சிங்கப்பூரில் 2014 முதல் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி நடந்தது. வங்காளத் தொழிலாளர்களிடம் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு விரிந்தது. கட்டட வேலை செய்தவர்கள் மேடையேறிக் கவிதை படித்தார்கள். நம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் வாட்ஸப் குரல் பதிவுகளில் எத்தனை கவிதை இருக்கிறது என்று நாம் கேட்டுப் பார்த்ததுண்டா?

ஆகவே மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பழைய கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு, கண்டியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதம், எதுவானாலும் மன்றத்துக்குப் படம் எடுத்துக் கொடுங்கள். இரண்டு, நம் பாட்டிமாரின் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் கப்பல் வரும், ரங்கூன் வரும், கொழும்பு வரும். அவற்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், பாடியவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். மூன்று, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் இளைஞர்களை எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் பேசட்டும், நாம் எழுதிக்கொள்வோம். அதில் வேலைக் கொடுமை மட்டும் வரக் கூடாது. தங்கும் அறையில் யாரோடு யார் சேர்ந்து சமைத்தார்கள், ஊர்ப்பெயரைக் கேட்டபிறகு யார் தட்டை நகர்த்தினார்கள் என்பதும் வர வேண்டும்.

கூலி என்ற சொல்லைக் கடல் கடந்தவர்கள் வசவிலிருந்து மீட்டார்கள். அரைப்படி நெல்லுக்காக வெண்மணி மக்கள் அதே சொல்லுக்கு உயிர் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் படிக்கும் நாள் வர வேண்டும். அதற்கு முதலில் நாம் எழுதியிருக்க வேண்டும்.

வெண்மணி ஈகியருக்கு வீரவணக்கம். ஜெய்பீம்.